குணக் கட்டம்

ஜூன் 3, செவ்வாய்

மில் பஸ் இன்றைக்கும் லேட். நாகல் நகர் ஸ்டாப்பில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். டிபன் பாக்ஸில் வெறும் எலுமிச்சைச் சாதம், வெஞ்சனம் எதுவும் கிடையாது. அம்மாவைக் கேட்டால், "காய்க்காரர் வரல, நான் என்ன செய்ய?" என்றாள்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் மோகன்குமார் சார் கூப்பிட்டார். ஹெச்.ஆர். மேனேஜர். நான் எம்.ஏ. இங்கிலீஷ் என்பதற்காகவே என்னை அசிஸ்டென்டாக எடுத்தவர். அதை வாரம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நம் மில் நூலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இந்த மாதம் ஆடிட்டரை அனுப்புகிறது. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் வேண்டுமாம். பெயர், ஊர், பிரிவு, கடைசியில் 'குணம்' என்று ஒரு கட்டம். அதில் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்.

"எல்லாருக்கும் 'குட்'னு போட்டுரட்டுமா சார்?"

"போன தடவ அப்படிப் போட்டுத்தான் மாட்டுனோம். காப்பி அடிச்சிருக்கீங்கன்னு எழுதிட்டுப் போயிட்டான். ஆளுக்கு ஒரு அட்ஜெக்டிவ் போடுங்க. உங்கள எதுக்கு வச்சிருக்கு?"

அதுக்குத்தான் வச்சிருக்கு. சரி.

ஜூன் 5, வியாழன்

சின்சியர். ஒபீடியன்ட். டிலிஜென்ட். பொலைட். முக்கால்வாசிப் பேரை எனக்கு முகத்தால்கூடத் தெரியாது. பெயரைப் பார்க்கிறேன், வாயில் வந்ததைப் போடுகிறேன். ஐயர் மந்திரம் சொல்கிற வேகத்தில் நடக்கிறது வேலை.

கௌசல்யாவுக்கு 'பங்ச்சுவல்'. ஹாஸ்டல் வார்டன் டெய்சி அக்கா எட்டிப் பார்த்து அர்த்தம் கேட்டார். சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவளா? காலையில அவள எழுப்புறதுக்குள்ள என் உசுரு போயிருது புள்ள!"

மாற்றவில்லை. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 9, திங்கள்

பவித்ரா தலைவலி மாத்திரைக்கு வந்தாள். கார்டிங் பிரிவு. பஞ்சைச் சீவித் திரியாக்குகிற மிஷின்கள் இருக்கும் இடம். தொப்பம்பட்டிப் பக்கம் ஏதோ கிராமம். அப்பா இல்லை. அம்மா தக்காளி பறிக்கப் போகிறார். இவ்வளவும் தாளில் இருப்பது. தாளில் இல்லாதது அவளுடைய வாய்!

வலது கை விரல்களைக் குவித்து ஒரு வாய் மாதிரி ஆக்கிக்கொள்கிறாள். கட்டைவிரல் கீழ்த்தாடை. அந்தக் கைக்கு 'ஹெச்.ஆர். மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். என் முன்னாலேயே அதைப் பேசவிட்டாள். "எஸ்… நோ… வெரிகுட்… அடுத்த ஆளு வாங்க." அச்சு அசல் நான்தான். என் மூக்கு உறிஞ்சல்கூட வந்தது. கோபப்படலாம் என்று பார்த்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

அவளுடைய மிஷினுக்கு 'மாமியார்' என்று பெயராம். "எம்புட்டுப் போட்டாலும் பத்தலைன்னு இரையுதுங்க்கா."

"மிஷின்கிட்டயும் இந்த விளையாட்டுத்தானா? பாத்துடி."

"அய்யோ, மாமியாருகிட்ட ஆருங்க்கா வெளையாடுவாங்க? தொப்பிய மாட்டிக்கிட்டு, கைகட்டி, பயபக்தியாத்தான் நிப்பனுங்க."

அவள் கண்ணெதிரிலேயே அவளுடைய தாளை எடுத்து எழுதினேன். 'பிளேஃபுல்.' அர்த்தம் கேட்டாள். சிரித்து விளையாடுகிற பிள்ளை என்றேன். உடனே கை பேசியது: "ஐ ஆம் பிளேஃபுல். அடுத்த ஆளு வாங்க." சொல்லிக்கொண்டே போனாள்.

இந்தக் கட்டு முழுவதிலும் ஆளைப் பார்த்து எழுதியது இந்த ஒன்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

ஆடிட்டர் வந்தார், பிரியாணி சாப்பிட்டார், போனார். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் பவித்ராவின் தாளில் நின்று, "இந்தப் பெண்ணை உங்களுக்கு நிஜமாகவே தெரியும் போலிருக்கிறதே" என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மோகன்குமார் சார் பேக்கரியிலிருந்து பால்கோவா வாங்கிவரச் சொன்னார். அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்து வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பவித்ராவின் கை மிஷினுக்குள் போய்விட்டது. வலது கை. எழுத முடியல.

ஜூலை 9, புதன்

நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் தப்பியிருக்கிறது.

மிஷின் மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. சும்மா சும்மா நின்று உற்பத்தி கெடுகிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பஞ்சு அடைத்துக்கொண்டது. அவள் மூடியைத் திறந்தாள். நிற்கும் என்று நினைத்துத்தானே கையை விட்டிருப்பாள்? அது நிற்கவில்லை.

கௌசல்யா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய யூனிஃபார்மெல்லாம் ரத்தம். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மதியம் மிஷினைக் கழுவித் துடைத்து ஓட விட்டுவிட்டார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

திண்டுக்கல்லில் அவளைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் முனியப்பன் நின்றிருந்தார், உள்ளே போகத் தைரியமில்லாமல். என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

"நாந்தேன் மேடம் கம்பியக் கட்டுனேன். சூப்பர்வைசர் கட்டுன்னாரு, கட்டுனேன். அதுக்கு முந்துன நாள்தேன். அந்தப் புள்ளைக்குத் தெரியாது மேடம். நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்ல?"

ஐம்பது வயது மனிதர், தோள் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார்.

உள்ளே பவித்ராவின் அம்மா மூக்காயி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்க பாத்துக்கோணும். எங்களுக்கு ஆரு இருக்காங்க? நீங்க இங்கிலீசு தெரிஞ்சவங்க."

பவித்ரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஹெச்.ஆர். மேடம் செத்துப்போச்சுங்க்கா."

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா பூ கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

விபத்து அறிக்கையை இங்கிலீஷில் எழுதச் சொன்னார் மோகன்குமார் சார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். சுவிட்ச், கம்பி, பஞ்சு, மூடி, கை. அரைப் பக்கம்கூட வரவில்லை.

படித்துவிட்டு மேஜைமேல் போட்டார். "பொண்ணப் பத்தி ஒரு வார்த்த இல்லையே?"

"மிஷினப் பத்தித்தான சார் எழுதணும்?"

"மிஷினுக்குக் குணம் கிடையாது மேடம். மனுஷனுக்குத்தான் உண்டு. கேர்லெஸ், டிஸ்ஒபீடியன்ட், இப்படி ஏதாவது வரணும். கம்பிய அந்தப் பொண்ணே கட்டியிருக்கு. அப்படித்தான் போகணும்."

அவளே கட்டினாள் என்று ஆகிவிட்டால் மில்லுக்குப் பொறுப்பே கிடையாது. 'பயிற்சித் தொழிலாளி' என்று பெயர் சூட்டி இஎஸ்ஐ காப்பீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. ஆக நஷ்டஈடு, மருத்துவச் செலவு, வேறு லேசான வேலை, எதுவும் கிடையாது. கையும் போய், பழியும் அவள்மேல். ஒரு சொல் கிடைத்தால் போதும் இவர்களுக்கு.

நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகும். ஆனாலும் சொல்லிவிட்டேன்!

ஜூலை 18, வெள்ளி

ஐயோ.

மோகன்குமார் சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபிகூடச் சொன்னார். அப்புறம் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க புதுசா ஒண்ணும் எழுத வேண்டாம். ஏற்கெனவே எழுதிட்டீங்க. உங்க கையெழுத்துதான இது?"

பவித்ராவின் தாள். 'பிளேஃபுல்.' கீழே என் கையெழுத்து, தேதியோடு. விபத்துக்கு ஒரு மாதம் முன்பு.

"விளையாட்டுக் குணம் உள்ள பொண்ணு. விளையாட்டா சுவிட்சக் கட்டியிருக்கு. முன்னாடியே அடையாளம் காட்டியிருக்கீங்க. தேங்க்ஸ்."

காபி அப்படியே ஆறிப்போனது.

ஜூலை 24, வியாழன்

மில்லின் உள்விசாரணை இன்று. மதுரையிலிருந்து ஒரு வக்கீல். எல்லாம் இங்கிலீஷில். பவித்ரா இன்னும் ஆஸ்பத்திரியில்தான், அவளுக்குப் பதிலாக மூக்காயி அம்மாவைக் கொண்டுவந்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு எழுத்து புரியாது அவருக்கு. யார் வாய் அசைகிறதோ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் முனியப்பன். கம்பியை நான் கட்டவில்லை, எனக்குத் தெரியாது என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம் என்று நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

அடுத்து நான். வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். அந்தச் சொல்லை இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

"இது நீங்கள் எழுதியதா?"

"ஆமாம், ஆனால் ஹாஸ்டலில் மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாள் என்றுதான். மிஷின் பக்கத்தில் அவள் ஒரு நாளும்…"

"கேட்டதற்கு மட்டும் பதில். உண்மை என்று நினைத்து எழுதினீர்களா, பொய் என்று தெரிந்து எழுதினீர்களா?"

"உண்மைதான்."

அதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது மூக்காயி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வை இல்லை அது. வெளியே வந்து பேசலாம் என்று ஓடினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஜூலை 25, வெள்ளி

பொய்யாக ஒரு சொல் போட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். கௌசல்யாவுக்குப் போட்ட மாதிரி.

ஆகஸ்ட் 6, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. தீர்ப்பாம், மண்ணாங்கட்டி. விளையாட்டுத்தனத்தால் பாதுகாப்பு சுவிட்சைத் தானே கட்டி விபத்துக்குக் காரணமானதால் வேலையிலிருந்து நீக்கம். நான் போட்ட சொல் அதில் மூன்று இடத்தில் வருகிறது.

டெய்சி அக்கா அவளுடைய தகரப் பெட்டியை கேட் வாசலில் கொண்டுபோய் வைத்தார். "துணிய மடிச்சு வச்சேன் புள்ள, அதுக்கு மேல என்னால என்ன செய்ய முடியும்?" என்றார்.

மூக்காயி அம்மாவுக்கு போன் போட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. பவித்ராவின் போன் அணைத்துக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தொழிற்சங்கத்து பெலிக்ஸ் என்பவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். பவித்ரா சார்பில் இங்கே திண்டுக்கல் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டிருக்கிறார்களாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் முனியப்பன் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அதற்குச் சாட்சியாக நீங்கள் வேண்டும், அந்தச் சொல்லை எழுதியவரே வந்து எதற்காக எழுதினேன் என்று சொன்னால் மில் தரப்பு ஆடிவிடும் என்றார்.

என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, உனக்கு எதுக்குடி இந்த வம்பு? இருக்குற ஒரு வேலையும் போயிட்டா நடுத்தெருவுலயா நிக்கிறது?"

"நான் எழுதுனதும்மா அது."

"ஊரு ஒலகத்துல யாரும் எழுதாததையா எழுதிட்ட? கெட்ட வார்த்தையா எழுதுன?"

"கெட்ட வார்த்தை எழுதியிருந்தாத்தான் பரவாயில்லையே!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

என் பெயர் சாட்சிப் பட்டியலில் இருப்பது மில்லுக்குத் தெரிந்துவிட்டது. இன்றோடு வேலை இல்லை. என் பையை செக்யூரிட்டி சோதனை போட்டான். உள்ளே டிபன் பாக்ஸும் குடையும்தான்.

வடமதுரை வரை லிப்ட் கேட்டு வந்து, டவுன் பஸ் ஏறினேன். பயமாக இருக்கிறது. ஆனால் இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கொஞ்சம் பசித்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூக்காயி அம்மா இன்றும் போனை எடுக்கவில்லை. என்மேல் கோபம். நியாயம்தான். கேஸ் ஜெயிக்கட்டும், காலில் விழுந்துகூடப் பேசிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 17, புதன்

முதல் விசாரணை. பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹாஸ்டல், சிரிப்பு, மாமியார் என்று பெயர் வைத்தது, பயபக்தியாக நின்றது, எல்லாம்.

பெலிக்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

"வாபஸ் வாங்கிட்டாங்க மேடம்."

போன வாரம் மோகன்குமாரும் இன்னொருவரும் காரில் தொப்பம்பட்டிப் பக்கம் போயிருக்கிறார்கள். தாயும் மகளும் இங்கே வந்து சமரசப் பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டார்கள். பவித்ரா பத்தாவது படித்தவள், அழகாகக் கையெழுத்துப் போடுவாள். எந்தக் கையால் போடுவாள் இனி?

"பணம் குடுத்தாங்களா?"

"பேருக்கு ஏதோ. பணத்துக்காக வச்ச மாதிரி தெரியல. அந்தம்மா என்னையப் பாத்துப் பேசவே மாட்டேங்குது. கதவச் சாத்திருச்சு."

"திரும்பப் போட முடியாதா?"

"அதிகாரி முன்னாடியே ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வச்சிருக்காங்க, பதிவும் ஆயிருச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது மேடம். நானும் ரெண்டு வக்கீலக் கேட்டுட்டேன்."

மணிக்கூண்டு வரை நடந்தே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏன் வைத்தார்கள்? மிரட்டினார்களா? எதைச் சொல்லி?

செப்டம்பர் 21, ஞாயிறு

பழனி பஸ்ஸில் போய், அங்கிருந்து தொப்பம்பட்டி, அப்புறம் ஷேர் ஆட்டோ. இறங்கி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு. முன்னால் ஒரு முருங்கை. மூக்காயி அம்மா முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"ஏனுங்க, இன்னும் என்ன எழுதோணும்னு வந்தீங்க?"

நின்ற இடத்திலேயே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. ஏன் கைநாட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். முறத்தைப் பார்த்துக்கொண்டே, உள்ளே கேட்டுவிடாதபடி சின்னக் குரலில் சொன்னார்.

"மேனேசரு வந்தாருங்க. உம்மட புள்ளையோட கொணத்தப் பத்தி ஆபீசுல இங்கிலீசுல எழுதி வெச்சிருக்குது, கேசு நடந்தா எல்லாரு முன்னாலயும் அதப் படிப்பாங்க, பேப்பர்ல வரும், நாளைக்குக் கட்டிக் குடுக்கற புள்ள, யோசிச்சுக்கங்கன்னாரு. நீங்களே கைப்பட எழுதுனதுன்னாரு."

"என்ன எழுதியிருக்குன்னு அவர் சொன்னாரா?"

"நானெங்கீங்க கேக்கறது? வயசுப் புள்ளையப் பத்தி அப்படி எழுதியிருக்குதுன்னா, எந்தத் தாயி வாயத் தொறந்து என்னன்னு கேப்பா? அன்னிக்கு மீட்டிங்குல நாந்தான் பாத்தனே. அத அந்த வக்கீலு படிச்சதும் நீங்களே தலையத் தொங்கப் போட்டுட்டீங்க. நீங்களே தல குனியற மாதிரின்னா, அது எப்பேர்ப்பட்ட வார்த்தையா இருக்கும்?"

போன் எடுக்காதது, கதவைச் சாத்தியது, எல்லாம் இதற்குத்தானா?

"அம்மா, அது கெட்ட வார்த்தை இல்லம்மா. சிரிச்சு விளையாடுற பிள்ளைன்னு எழுதினேன்."

"அப்பறம்?"

"அம்புட்டுத்தான்மா. அது ஒரு வார்த்தைதான்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "சிரிச்சு வெளையாடற புள்ள" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். முறம் மடியிலிருந்து சரிந்து சோளமெல்லாம் மண்ணில் கொட்டியது. அள்ளவில்லை.

வாசற்படியில் பவித்ரா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. இளைத்துவிட்டாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"பிளேஃபுல்," என்றாள். "எனக்குத் தெரியுமேம்மா அது. என் முன்னாலதான் அக்கா எழுதுனாங்க. என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"உனக்குத் தெரிஞ்சா நீ நொந்து போவேன்னு…" மகளுக்குத் தெரியக்கூடாது என்று அந்த ஒரு சொல்லை இத்தனை நாளும் தனியாகச் சுமந்திருக்கிறார். கேசு வேண்டாம், கைய வையி என்றாராம். அவளும் ஏன் என்று கேட்காமல் இடது கட்டைவிரலை வைத்திருக்கிறாள்.

பவித்ரா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு கையாலேயே தம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

நான் கிளம்பும்போது மூக்காயி அம்மா முருங்கை மரம் வரை கூடவே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் பிடித்த மாதிரியே.

"ஏனுங்க கண்ணு, இப்பப் போயி, தெரியாம வெச்சுட்டேன், அது நல்ல வார்த்தைதான்னு சொன்னா, கேச மறுக்கா எடுத்துக்குவாங்கல்ல? நீங்க இங்கிலீசுல ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்கல்ல?"

பெலிக்ஸைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.